சமாதிகள் இடம் மாறிய தோப்பு: ஒரு வியட்நாம் குறும்படத்துக்கு ஒலிப்பதிவு செய்த அனுபவம்

கதை என்று பார்த்தால் ஒரு வரிதான். வியட்நாமின் மேக்கொங் டெல்டாவில் ஆறு கரையை அரித்துக்கொண்டே வருகிறது. தென்னந்தோப்புக்குள் இருக்கும் முன்னோர் சமாதிகளை ஒரு குடும்பம் தோண்டி எடுத்து வேறிடம் கொண்டுபோகிறது. இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும் படம். வசனம் குறைவு, பின்னணி இசை கிடையாது. ஆகவே ஒலிப்பதிவுக்காரனுக்கு வேலை அதிகம். ஹோ சி மின் நகரத்தில், அதாவது பழைய பெயரில் சைகோனில், விளம்பரப் படங்களுக்கு ஒலி வேலை பார்த்துப் பிழைக்கும் எனக்கு அது கிடைத்தது பெரிய கொடுப்பினை. இயக்குநர் அந்த வீட்டுப் பேத்தி. அவளுடைய அம்மா பிறந்த வீடு அது. நிலம், சடங்கு, நினைவு என்று படம் எடுக்கக் கிளம்பும் நம்மூர் நண்பர்கள் சிலர் விவரம் கேட்டதால், அங்கே கற்றதை எழுதி வைக்கிறேன்.

ஊர் பென் ட்ரேயில், ஹாம் லுவோங் ஆற்றை ஒட்டி. 2025 ஜூலை 1 முதல் பென் ட்ரே மாகாணம் வின் லாங், ட்ரா வின் மாகாணங்களோடு சேர்ந்து வின் லாங் என்ற ஒரே மாகாணமாகிவிட்டது. ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் பென் ட்ரேதான். மேக்கொங் கடலில் சேருமுன் பிரியும் கிளைகளுக்கு நடுவே வண்டல் குவிந்து உருவான தீவுகள் அவை. ராக் மியூ பாலம் 2009இல் திறக்கும்வரை சைகோனிலிருந்து போகிறவர்கள் படகுத்துறையில் காத்துக் கிடக்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் தென்னை. தோப்பு சமதரையாக இருக்காது. நீள நீளமாக மேடுகள், மேட்டுக்கு மேடு நடுவே தண்ணீர் நிற்கும் கால்வாய். மேட்டில் தென்னை, கால்வாயில் ஆற்று நீர் ஏறி இறங்கும்.

தெற்கு வியட்நாமில் வீட்டில் பிறந்த வரிசையின் எண்ணைச் சொல்லியே கூப்பிடுவார்கள். மூத்த பிள்ளையே 'இரண்டு' என்றுதான் தொடங்கும். தூ என்றால் நான்கு. அதனால் தூ மாமா மூன்றாவது பிள்ளை. இயக்குநருக்குத் தாய்மாமா, அவர்தான் தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். பாட்டிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. பேரன் பேத்திகளைக் கூப்பிடுகிற மாதிரியே என்னையும் 'கொன்', அதாவது பிள்ளை, என்று கூப்பிட்டார். நானும் எல்லாரையும் போல 'ங்வாய்', அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, என்றேன். இந்த உறவுமுறை உங்களுக்கு முதல் நாளே பழகியிருக்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அங்கே பேச்சு நகராது.

இந்தப் படத்தில் நான் கற்றதில் முக்கியமானது: நினைவைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள். பாட்டியைப் பூஜை மாடத்துக்கு முன்னால் நாற்காலியில் உட்கார வைத்து, 'அந்தக் காலத்தில் ஆறு எப்படி இருந்தது?' என்று கேட்டால், 'ஆறு ஆறாத்தான் இருந்துச்சு' என்பார். கேட்ட கேள்விக்கு அது நேர்மையான பதில். கேமரா முன் 'உங்கள் நினைவுகளைச் சொல்லுங்கள்' என்றால் மனிதர்கள் தொலைக்காட்சியில் கேட்ட வாக்கியங்களைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். இயக்குநர் அதைத் தெரிந்தவள். 'ங்வாய், சாடியில் மழைத்தண்ணீர் பிடிப்பீங்களே, எப்படி?' என்றாள். பாட்டி எழுந்துவிட்டார்.

அந்த ஊர் வீடுகளின் பக்கவாட்டில் இடுப்பளவு உயரச் சாடிகள் வரிசையாக நிற்கும். மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரைப் பிடித்து, கோடையில் ஆறு உப்பாகும் மாதங்களில் அதைத்தான் குடிப்பதும் சமைப்பதும். பருவத்தின் முதல் மழையைப் பிடிக்கக் கூடாது, கூரை கழுவட்டும் என்று விட்டுவிட வேண்டும். இரண்டாவது மூன்றாவது மழைதான் சாடிக்கு. எந்தச் சாடி யார் வாங்கியது, எது படகில் வரும்போது விளிம்பு உடைந்தது, எதில் தன் மாமியார் கையை விடவே விடமாட்டார் என்று பாட்டி ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிச் சொன்னார். தட்டும்போது வரும் ஓசையிலேயே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். நான் மைக்கைச் சாடியின் வாய்க்குள் கொஞ்சம் இறக்கினேன். கால் சாடி, அரைச் சாடி, காலிச் சாடி என்று ஒவ்வொன்றும் ஒரு சுருதி. படத்தில் மாதங்கள் கடந்துபோவதைச் சொல்ல எழுத்தே போடவில்லை. சாடியின் ஓசை ஏறிக்கொண்டே போகும், அவ்வளவுதான். அந்த வீட்டில் அறுபது வருடம் வாழ்ந்த பெண்ணின் கதை முழுக்க அந்தச் சாடிகளைச் சுற்றியே வந்துவிட்டது.

தூ மாமாவிடமும் அப்படித்தான். கரை எவ்வளவு போயிருக்கிறது என்று கேட்டால் தோளைக் குலுக்குவார். 'பழைய படகுத்துறைக்குத் தேங்காய் எந்த வழியா கொண்டுபோவீங்க?' என்று கேட்டதும் நடக்கத் தொடங்கினார். வரப்பில் நடந்து, விளிம்பில் நின்று, கையை ஆற்றுக்கு நேராக நீட்டினார். வழி ஆற்றுக்குள் போகிறது. அதோ அந்தப் படகு நங்கூரம் போட்டிருக்கிற இடத்தில்தான் கொய்யா மரம், அதற்கு அந்தப் பக்கம் மதகு என்று காட்டினார். வியட்நாமில் நிலம் மொத்தமும் மக்களுக்குப் பொது. குடும்பத்துக்கு இருப்பது பயன்படுத்தும் உரிமை, அதற்கான சான்று சிவப்பு அட்டைப் புத்தகம். அவர் வீட்டுச் சிவப்புப் புத்தகத்தில் பழைய பரப்பளவே இன்னும் இருக்கிறது. அந்தத் தாளின் நெருக்கக் காட்சி ஒன்று படத்தில் வரும்.

கரை ஏன் போகிறது என்பதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. மேலே சீனாவின் யுன்னானிலும் லாவோஸிலும் அணைகள் வண்டலைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மேக்கொங் ஆற்று ஆணையத்தின் கணக்கில், 1992இல் ஆண்டுக்குச் சுமார் 16 கோடி டன்னாக இருந்த வண்டல் 2014இல் ஏழரைக் கோடி டன் அளவுக்குக் குறைந்துவிட்டது. மிச்சம் வருவதிலும் கட்டுமானத்துக்காக ஆற்றுப் படுகையிலிருந்து மணலை அள்ளிவிடுகிறார்கள். படுகை ஆழமானால் கரை நிற்காது. நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் டெல்டா பல இடங்களில் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்துகொண்டும் இருக்கிறது. இதையெல்லாம் படத்தில் ஒரு குரல் வாசித்தால் பத்து நொடியில் மறந்துவிடும். தூ மாமா கால்வாயில் இறங்கி, அடியில் படிந்த சேற்றை வாரித் தென்னை மூட்டில் போடும் வேலையைப் பதிவு செய்தோம். வருடா வருடம் செய்கிற எரு வேலை அது. நீண்ட கைப்பிடி போட்ட வாளியை அடியில் இழுக்கும்போது முன்பெல்லாம் வாளி நிறைய கொழகொழவென்று வருமாம். இப்போது பாதிதான் வருகிறது, வாளியின் விளிம்பு அடித்தரையைச் சுரண்டும் ஓசை கேட்கிறது. அந்தச் சுரண்டலைப் பிடிக்க வாளிக் கம்பியிலேயே, அதிர்வை நேராகப் பிடிக்கும் தொடு மைக் ஒன்றைக் கட்டினேன். அணையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் அணை படத்துக்குள் வந்தது.

அடுத்தது காற்று. மழை ஓய்ந்த பிறகு, வருடக் கடைசியிலிருந்து, தெத் புத்தாண்டைத் தாண்டியும் வடகிழக்கிலிருந்து கடற்காற்று அடிக்கும். 'யோ சூங்' என்பார்கள். ஒலிப்பதிவுக்காரனுக்குக் காற்றென்றால் தொல்லை. மைக்குக்கு ரோம உறை மாட்டி, சுவருக்குப் பின்னால் ஒளிந்து, பிறகு மென்பொருளில் அடித்தொனியை வெட்டிக் காற்றை ஒழிப்பதுதான் எங்கள் தொழில். ஆனால் அந்த வீட்டில் எல்லார் காதும் அந்தக் காற்றின் மேலேயே இருந்தது. அதுதான் கடல் நீரை ஆற்றுக்குள் தள்ளுகிறது. 2016 கோடையில் உப்பு சில ஆறுகளில் 90 கிலோமீட்டர்வரை உள்ளே ஏறியது. 2020இல் பென் ட்ரே உட்பட ஐந்து மாகாணங்கள் அவசர நிலை அறிவித்தன. குடிதண்ணீரைப் படகிலும் லாரியிலும் கொண்டுவந்தார்கள். லிட்டருக்கு 4 கிராம் உப்பு வந்தால் நெல் தாங்காது. தென்னை கொஞ்சம் தாங்கும், ஆனால் காய் சிறுத்துப்போகும். இரவில் ஓலைகள் சலசலக்கும் வேகம் கூடினால் தூ மாமா எழுந்து, டார்ச் அடித்துக்கொண்டு மதகுப் பலகையை இறக்கப் போவார். பாக்கெட்டில் உப்புமானி இருக்கும். இருந்தாலும் முதலில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார்.

ஆகவே அந்தப் படத்தில் காற்றை வெட்டவில்லை. தோப்புக்குள் பல உயரங்களில் மைக் வைத்து, ஓலையில் பேசும் காற்று, தகரக் கூரையில் பேசும் காற்று, மதகு இடுக்கில் ஊதும் காற்று என்று தனித்தனியாக எடுத்தேன். நிலத்தைப் பற்றிப் படம் எடுக்கிறவர்களுக்கு இதை அழுத்தமாகவே சொல்வேன்: உங்கள் பதிவுக்கு இடைஞ்சலாக இருக்கும் ஒலி எது என்று பாருங்கள். அந்த ஊர்க்காரர்கள் அதைக் கேட்டு ஏதாவது முடிவெடுக்கிறார்களா என்று விசாரியுங்கள். எடுக்கிறார்கள் என்றால் அது படத்துக்குள் இருக்க வேண்டிய ஒலி.

படப்பிடிப்பு அட்டவணையை நிலாவை வைத்துத்தான் போட வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் உச்சத்துக்கு ஏறும். இடைப்பட்ட நாட்களில் ஏற்றமும் வற்றலும் மந்தம். நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும், நேரம் தினமும் தள்ளிப்போகும். காலை ஏழு மணிக்குப் படகுக் காட்சி என்று சைகோனில் உட்கார்ந்து எழுதினால், ஏழு மணிக்கு வாய்க்காலில் சேறுதான் இருக்கும். அங்கே வீட்டுக்கு வீடு தாள் கிழிக்கும் நாட்காட்டி தொங்குகிறது. அதில் நிலாத் தேதி அச்சடித்திருக்கும். நமக்குத் திதி பார்த்துப் பழக்கம் இருப்பதால் எனக்கு இது சுலபமாகப் பிடிபட்டது. தூ மாமாவிடம் ஒருமுறை ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். மதகடியில் வைத்த மைக்கின் ஒலியைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, 'வத்த ஆரம்பிச்சிருச்சு' என்றார். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. பலகை இடுக்கில் தண்ணீர் விழும் தாளம் மாறியிருக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஒலிக் கோப்பின் பெயரிலும் நிலாத் தேதியும் 'ஏற்றம்' அல்லது 'வற்றல்' என்ற குறிப்பும் சேர்த்தேன். படத்தொகுப்பில் இதனால் கிடைத்த பயன் பெரிது. நீர் ஏறும் காட்சியில் வற்றும் ஒலியை வைத்தால் டெல்டாக்காரர்கள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சடங்கு பக்கம் வருகிறேன். வியட்நாம் சினிமாவிலும் படப்பிடிப்பு பூஜை உண்டு. பெரிய கம்பெனியாக இருந்தால் முழுப் பன்றி வறுத்து வைப்பார்கள். எங்கள் சின்னக் குழுவுக்குப் பாட்டியே பழமும் பூவும் வைத்து, மூன்று ஊதுபத்தி ஏற்றி, மாடத்தில் இருக்கும் பெரியவர்களிடம் எங்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தினார். இந்தியாவிலிருந்து வந்த பிள்ளை, சத்தம் பிடிக்கிறவன் என்று சொன்னார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்த மூலைக்குப் போனாலும் யாரும் ஏனென்று கேட்கவில்லை.

ஆண்டுத் திதியை 'யோ' என்பார்கள், அதுவும் நிலாத் தேதிப்படிதான். வருகிறவர்கள் பழமோ பலகாரமோ பீரோ கொண்டுவருவார்கள். போகும்போது வாழையிலையில் கட்டிய பலகாரம் அவர்கள் கைக்கு வரும். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். இளநீரில் பன்றியிறைச்சியும் முட்டையும் குழைய வெந்துகொண்டிருந்த அந்தச் சாயங்காலம், உறவினர் ஒருவர் கிதார் எடுத்தார். தெற்கத்தி 'டோன் கா தாய் தூ' இசைக்கு வாசிக்கிற கிதார் அது. கழுத்தில் பதித்த மெட்டுக் கம்பிகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருப்பார்கள். விரலை அந்தப் பள்ளத்துக்குள் அழுத்தினால் சுரம் வளைந்து மேலேறும். வீணை கேட்டு வளர்ந்த காதுக்கு அது கமகமாகவே விழுகிறது. மேற்கத்திய வாத்தியத்தை வாங்கித் தங்கள் சங்கீதத்துக்குத் தக்கபடி செதுக்கிக்கொண்ட அந்தத் துணிச்சலை நினைத்து நான் அன்று முழுக்கப் பூரித்துப்போயிருந்தேன். காலடியில் 'சோங் லாங்' என்ற சின்ன மரக்கட்டை தாளம் தட்டும். 2013இல் இந்த இசை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இதைப் பதிவு செய்ய மேடை போடாதீர்கள். சமையல் ஓசை, பிள்ளைகள் ஓடுவது, யாரோ பாத்திரம் கழுவுவது எல்லாம் சேர்ந்ததுதான் அதன் இடம். பாடகருக்கு ஒரு மைக், கிதாருக்கு ஒன்று, அடுக்களைப் பக்கம் ஒன்று போதும். ஊர் ஊருக்கு உருட்டிக்கொண்டு வரும் கரோக்கே ஸ்பீக்கர் மட்டும் பக்கத்து வீட்டில் ஓடினால் எந்த மைக்கும் உதவாது. முன்கூட்டியே போய் ஒரு வார்த்தை கேட்டால் அவர்களே நிறுத்திவிட்டு நம் வீட்டுக்கு வந்து உட்காருவார்கள்.

சமாதி திறந்த இரவைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நல்ல நாள் பார்த்துத்தான் செய்வார்கள், பெரும்பாலும் விடியுமுன். எலும்பில் வெயில் படக் கூடாது. மேலே தார்ப்பாய் கட்டுவார்கள். இயக்குநருக்கு அது தன் கொள்ளுப்பாட்டி. ஆனாலும் என்ன காட்டலாம் என்பதை அவள் முடிவு செய்யவில்லை, பாட்டிதான் செய்தார். கேமரா தார்ப்பாய்க்கு வெளியே நிற்கட்டும், சத்தம் பிடிக்கிறவன் உள்ளே வரலாம், ஆனால் கையில் கம்பு வேண்டாம் என்றார். மைக் மாட்டி நீட்டும் பூம் கம்பைத்தான் சொன்னார். அதனால் முந்தின மாலையே இரண்டு சிறிய ரெக்கார்டர்களை மண்ணோடு மண்ணாக வைத்துவிட்டு, நான் ஒரு ஓரத்தில் கை கட்டி உட்கார்ந்தேன்.

தூ மாமா தோண்டத் தோண்டப் பேசிக்கொண்டே இருந்தார். 'பாட்டி, இப்ப மேல் மண்ணை எடுக்குறோம். பயப்படாதீங்க. ஆறு வந்துருச்சு, அதனாலதான். இப்ப பலகையை எடுக்குறோம்.' ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால் ஒரு வரி. குரல் எங்கேயும் உடையவில்லை. படுத்திருக்கும் வயதானவரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது பேசுகிற தொனி. பிறகு எலும்புகளை எனாமல் பேசினில் வைத்து அரிசிச் சாராயம் ஊற்றிக் கழுவினார்கள். அன்று பகலிலேயே தகனம் முடிந்து, சாம்பல் நகரத்துப் புத்த விகாரைக்குப் போனது. இன்னொரு மூலையில் குழி வெட்டிப் புதைப்பது பற்றியும் பேச்சு வந்தது. பாட்டி, திரும்ப ஒருமுறை இவங்களை எழுப்ப எனக்கு மனசு இல்லை என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

ஒலியை எடிட் செய்வதற்கு முன்பு அந்தப் பதிவைப் பாட்டிக்குத்தான் முதலில் போட்டுக் காட்டினோம். சாராயம் ஊற்றும் ஓசை இருக்கட்டும், தூவின் பேச்சு முழுக்க இருக்கட்டும், பேசினில் எலும்பு படும் ஓசை வேண்டாம் என்றார். எடுத்துவிட்டோம். இப்படி ஒரு காட்சியைப் பதிவு செய்யப் போகிறவர்கள், அனுமதியை இரண்டு முறை வாங்குங்கள்: பதிவுக்கு முன்னால் ஒன்று, பதிவைக் கேட்ட பிறகு ஒன்று. முதல் அனுமதி கொடுக்கிறவர்களுக்கு மைக் எதையெல்லாம் பிடிக்கும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

படத்தொகுப்பின் முதல் வடிவத்தைக் குடும்பம் மொத்தமும் வீட்டு டிவியில் பார்த்தது. அத்தை ஒருவர், நிலப் பங்கு பற்றித் தன் அண்ணன் சொன்ன ஒரு வரியை எடுக்கச் சொன்னார். ஒரு சமாதிக் கல்லின் பெயர் தெரியக் கூடாது என்றார்கள். இன்னொருவர், வாய்க்காலில் தேங்காய் மிதக்கவிட்டுக் கொண்டுபோகும் காட்சி ஏன் இல்லை, அதுதானே எங்கள் பிழைப்பு என்று கேட்டார். அதை எடுத்துச் சேர்த்ததும் படத்தின் நடுப்பகுதிக்கு உயிர் வந்தது. இந்தத் திரையிடலுக்குத் தனியாகப் பணமும் நாளும் ஒதுக்கி வையுங்கள், விழாவுக்கு அனுப்பும் கடைசித் தேதியை அதற்குப் பிறகு தள்ளுங்கள். தோப்புக்கு மேலே ட்ரோன் பறக்க, கீழே புல்லாங்குழல் சோகமாக ஊத, கூம்புத் தொப்பி போட்ட பெண் படகு தள்ளும் படங்கள் ஏராளமாக வந்துகொண்டே இருக்கின்றன. எனக்கு அவற்றின் மேல் வருத்தம் உண்டு. அங்கே உழைக்கிறவர்கள் யாரும் அதைப் பார்த்து இது நம்ம ஊர் என்று சொல்வதில்லை.

நடைமுறை விஷயங்கள் சில. வெளிநாட்டுக்காரர் ஒரு வீட்டில் தங்கினால் வீட்டுக்காரர் உள்ளூர் போலீசில் பதிவு செய்தாக வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால் சங்கடம் அவர்களுக்குத்தான். வெளிநாட்டுப் பணத்தில் எடுக்கிற படம் என்றால் உள்ளூர் நிறுவனம் ஒன்றின் வழியாக அனுமதி வாங்குங்கள். ட்ரோனுக்கு முன் அனுமதி தேவை. அதிகாலையில் ஊர் ஒலிபெருக்கி செய்தி வாசிக்கும், அந்த நேரத்தில் வசனக் காட்சி வைக்காதீர்கள். ஈரக்காற்றில் மைக் தொண்டை கட்டிக்கொள்ளும். சிலிக்கா ஜெல் போட்டு இறுக்கமான டப்பாவில் வையுங்கள், விலை குறைந்த மாற்று மைக் ஒன்றும் கூட இருக்கட்டும். அரிக்கிற கரையின் விளிம்பில் ஸ்டாண்டு வைக்கவே கூடாது. மேலே புல் பச்சையாக இருக்கும், அடியில் ஒன்றும் இருக்காது. எங்கே நிற்கலாம் என்று வீட்டுக்காரர் காட்டட்டும்.

படம் முடிந்ததும், படத்தில் சேராத பதிவுகளையும் சேர்த்து மொத்தத்தையும் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டோம். ஹார்ட் டிஸ்க்கை நீட்டினால் அது பீரோவில் தூங்கும். வீட்டு டிவியில் நேராக ஓடுகிற மாதிரி எம்பி4 ஆக்கி, 'சாடி', 'மதகு', 'சேறு வாருதல்', 'பாட்டுச் சாயங்காலம்' என்று அவர்கள் மொழியில் பெயர் போட்டு, தூ மாமாவின் மகள் கையில் பென் டிரைவாகக் கொடுத்தோம். அவள் அதைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஃபோனில் அனுப்பிவிட்டாள். பார்த்துவிட்டு அடுத்த தோப்புக்காரர் வந்தார். அவருடைய சமையல்கட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே இனி ஒரு தென்னை வரிசைதான் மிச்சம். வீட்டைப் பிரிக்குமுன் எங்க வீட்டையும் ஒருதரம் பிடிச்சு வைக்க முடியுமா, படம் எல்லாம் வேண்டாம், சத்தம் இருந்தால் போதும் என்றார். வருகிற யோ சூங் காலத்தில், பௌர்ணமியை ஒட்டிய வாரத்துக்கு நாள் குறித்திருக்கிறோம்.